கிரீடம் மட்டும் வந்தது

சாங்வியிலிருந்து தீபாவளி விடுமுறைக்குக் குடும்பத்துடன் அஜந்தா சென்றிருந்தோம். அஜந்தா என்றதும் கல்கியின் ஆயனச் சிற்பியும் அழியா வர்ணமும்தானே நமக்கு நினைவு வரும்! நானோ 16-ஆம் குகையில் ஓர் ஓவியத்தின் முன் நின்றுவிட்டேன்.

'இறக்கும் இளவரசி' என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அவள் இறக்கவில்லை. புத்தரின் தம்பி நந்தன் துறவியாகிவிட்டான். அவன் கிரீடம் மட்டும் வீடு வந்து சேர்கிறது. அதைக் கண்டு மனைவி சுந்தரி சோர்ந்து சாய்கிறாள். அசுவகோஷர் 'சௌந்தரநந்தம்' என்ற வடமொழிக் காவியமாகப் பாடிய தம்பதியர் கதை. குகையைக் குடைவித்தவர், 5-ஆம் நூற்றாண்டு வாகாடக அமைச்சர் வராகதேவர்.

ஜப்பானில் 12-ஆம் நூற்றாண்டு கெஞ்சி கதைச் சுருள்களில் கண்ணை வெறும் கோடாக விடுவார்கள். இங்கே தாழ்ந்த இமையே பேசுகிறது.

"அவருக்கு ஞானம் கிடைத்தது, இவளுக்கு?" என்றாள் என் மனைவி. எனக்குப் பதில் தெரியவில்லை.

போகிறவர்கள் இருட்டுக்குக் கண் பழகும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.