ஆணி பொறுக்கிய காந்தம்

பாய் நெய்யும் பத்தமடையிலிருந்து சேரன்மகாதேவி, களக்காடு வழியாகத் தெற்கே போனால் திருக்குறுங்குடி. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்தது அங்கேதான். வக்கீலாகவும் ரயில்வேயிலும் வங்கியிலும் இருந்து பார்த்துவிட்டு, 1912இல் மதுரையில் பஸ் விட்டார். சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்ஸோடு லாரியும் ஓடியது.

அந்தக் காலத்துச் சாலையில் மாட்டு வண்டிகளே அதிகம். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணி பஸ் டயரில் ஏறும். பஞ்சர் ஆனால் நேரம் போச்சு. இதற்காக, சாலையில் கிடக்கும் ஆணிகளை இழுத்தெடுக்கக் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அவருடைய டி.வி.எஸ். கம்பெனி ஓட்டியது என்பது மதுரைக்காரர்கள் இன்றும் சொல்லும் சங்கதி. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேரும் சும்மா வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, வண்டி ஓட்ட 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' செய்தவரும் சுந்தரம் ஐயங்காரே.

பஞ்சரை வேகமாக ஒட்டுவது ஒரு சாமர்த்தியம். ஆணி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது வேறு. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர் 1950இல் ஜப்பான் முதலாளிகளுக்குப் பாடம் எடுத்ததும் இந்த இரண்டாவதைப் பற்றித்தான். குறைகளில் பெரும்பங்கு வேலை நடக்கும் முறையில் இருக்கிறது, ஆளிடம் இல்லை என்றார். அவர் பெயரால் ஜப்பான் தரும் தரப் பரிசை 1998இல் இந்தியாவில் முதலில் வாங்கியது, சென்னை பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அதை நடத்திய வேணு சீனிவாசன், சுந்தரம் ஐயங்காரின் பேரன். லாரிக்கு பிரேக் செய்கிற இடத்துக்கு வந்த தரம், லாரி ஓட்டுகிற இடத்துக்கு முழுதாக வரவில்லை என்பது என் எண்ணம்.

பத்தமடைப் பாய் லோடையே பாருங்கள். கோரைப்பாய் இடத்தை அடைக்கும், எடை வராது. டன் கணக்கில் வாடகை பேசினால் லாரிக்காரருக்கு நஷ்டம். ஈடுகட்ட வேறு சரக்கை மேலே அடுக்கினால் பாய் மடிந்து தழும்பு விழும். தார்ப்பாயில் ஓட்டை இருந்தால் ஈரம் இறங்கிப் பூசணம் பூக்கும். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் முகூர்த்தத்துக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தால் யாருக்கு வேண்டும்? இத்தனைக்கும் திட்டு வாங்குவது டிரைவர். தார்ப்பாய் வாங்கித் தராதவர் முதலாளி. லோடு ஏற்ற அரை நாள் காக்க வைத்தவர் சரக்குக்காரர். சரக்குக்கான இ-வே பில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்றுதான் காலக்கெடு தருகிறது. ஷெட்டில் கரைந்த நேரத்தை ரோட்டில் பிடிக்கச் சொன்னால் டிரைவர் தூக்கத்தை விற்கத்தான் வேண்டும்.

ஆபீஸ் சுவரில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் கம்பெனிகளும் உண்டு. வாசலில் நிற்கும் லாரியின் ஸ்டெப்னி வழுக்கையாக இருக்கும்!

இரண்டு லாரி வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் எதற்கு? ஒரு நோட்டுப் போதும். ஏற்றக் காத்திருந்த நேரம், இறக்கக் காத்திருந்த நேரம், வழியில் நின்ற இடம், நின்ற காரணம், ரிட்டர்ன் லோடு கிடைத்ததா இல்லையா. டிரைவர் உண்மையை எழுத வேண்டுமென்றால், எழுதியதற்காகப் பேட்டாவில் பிடிக்கக் கூடாது. லாரிக்கார அண்ணாச்சிகளே, மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். அடிக்கடி வரும் காரணம் எதுவோ, முதல் செலவை அதற்குச் செய்யுங்கள்.