ஆலிலைக்குள் ஓர் அடுக்குமாடி

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது மரத்தைத் தாங்குபவை விழுதுகள். அதன் உச்சி இலை அக்கினி நட்சத்திர வெயிலை நேராக வாங்குகிறது. அடர்ந்த உள்நிழலில் இருக்கும் இலைக்கோ அந்த வெளிச்சத்தில் சிறு பங்குதான் மிச்சம். அதிலும் சிவப்பையும் நீலத்தையும் மேலே இருப்பவை குடித்துவிட்டன. இந்த இரண்டு நிலையையும் சமாளிப்பது, பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு என்ற சவ்வு.

இந்தச் சவ்வு, அப்பளக் கட்டைப்போல வட்டத் தட்டுகளாக ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அந்தக் கட்டுக்குப் பெயர் கிரானம். ஆனால் அப்பளங்கள் தனித்தனி, இவை அப்படியல்ல. கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வுகள் ஓடி, எல்லாத் தட்டுகளின் உள்ளறையையும் ஒன்றாக்கிவிடுகின்றன. நிழலில் வளர்ந்த இலையில் பொதுவாகக் கட்டுகள் உயரமாக இருக்கும்.

யார் எங்கே குடியிருப்பது என்பதில்தான் சுவாரஸ்யம். தண்ணீரை உடைத்து ஆக்ஸிஜனை வெளிவிடும் ‘ஒளி அமைப்பு இரண்டு’ என்ற புரதத் தொகுதி, பெரும்பாலும் கட்டின் நெருக்கத்துக்குள் இருக்கிறது. ‘ஒளி அமைப்பு ஒன்று’ என்ற தொகுதியும், ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியும் வெளிப்பக்கம் புடைத்தவை. அந்த இடுக்கில் நுழைய முடியாமல் ஓரங்களிலும் இணைப்புச் சவ்வுகளிலும் தங்கிவிடுகின்றன. இதை 1980இல் தெளிவாக்கியவர்கள் பெர்டில் ஆண்டர்சனும் ஜான் ஆண்டர்சன் அம்மையாரும்; பெயர்ப் பொருத்தம் தற்செயல். பிரித்து வைத்ததும் நல்லதுதான். ஒளி அமைப்பு ஒன்று ஆற்றலை வேகமாக விழுங்கும். பக்கத்தில் இருந்தால் அமைப்பு இரண்டின் பங்கையும் பிடுங்கிக்கொள்ளும்.

மிதமான ஒளியில் அமைப்பு இரண்டின் பக்கம் வரவு மிஞ்சினால், அந்த அமைப்புக்காக ஒளி திரட்டும் புரதங்கள் சிலவற்றில் பாஸ்பேட் ஒட்டும். அவை அமைப்பு ஒன்றுக்கு வேலை செய்யப் போய்விடும். சில நிமிடங்களில் முடிகிற இடமாற்றம் இது.

உச்சி வெயிலில் பங்கீடு போதாது. உள்ளறையில் அமிலம் ஏறும். வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி ஸியாசாந்தினாக மாறும். வாங்கிய ஒளி வெப்பமாகக் கழியும். மே மாத நடுப்பகலில் பச்சைப்பசேலென்று நிற்கும் இலை, தான் பிடித்த ஒளியில் பெரும்பகுதியை வீணடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வீணடிக்காவிட்டால் வீரியமேறிய ஆக்ஸிஜன் சவ்வையே அரித்துவிடும்.

மேகம் மறைத்த பிறகும் இந்த வடிகால் உடனே மூடுவதில்லை. அதுவரை விளைச்சலுக்கு நஷ்டம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு, மூன்று மரபணுக்களைக் கூட்டி அது சீக்கிரம் மூடும்படி செய்தது. வயலில் செடியின் எடை சுமார் 15 சதவீதம் கூடியதாக 2016இல் அறிவித்தார்கள். செடி, புகையிலை. வேறு பயிரே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். மரபணுவை மாற்றிப் பார்க்க அதைப்போல வளைந்துகொடுக்கும் செடிகள் குறைவு.