ஏரி மேல சோலார் போட்டா நிலம் தப்பிக்குமா?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். சோலார் பண்ணையை நிலத்துல போடுறதுக்குப் பதிலா தண்ணி மேல மிதக்க விட்டா என்ன?

நான் குரும்பலூர்க்காரன். பெரம்பலூர்ல இருந்து துறையூர் போற ரோட்டுல இருக்கு எங்க ஊர். இந்தப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்தான் அதிகம். பெரும்பாலும் மானாவாரிக் காடு. கோடையில பாக்குறவங்களுக்கு 'நிலம் சும்மாதானே கிடக்கு'ன்னு தோணும். சோலார் கம்பெனிகள் தேடுறதும் இந்த மாதிரி நிலத்தைத்தான்.

எவ்வளவு நிலம் வேணும்? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கர்ல இருக்கு. அதாவது ஒரு மெகாவாட்டுக்குக் கிட்டத்தட்ட 4 ஏக்கர். எங்க பக்கம் பல குடும்பங்களுக்கு மொத்தச் சொத்தே அவ்வளவு இருக்காது.

அதனாலதான் மிதக்கும் சோலார் நல்ல யோசனையாத் தெரியுது. காத்தடைச்ச பிளாஸ்டிக் மிதவைகளை ஒண்ணோட ஒண்ணு கோத்து, மேல பேனல் மாட்டி, கயிறு கட்டி நங்கூரம் போட்டு நிறுத்துவாங்க. சூடு ஏற ஏற பேனல்ல மின்சாரம் குறையும். தண்ணி மேல இருந்தா சூடு கொஞ்சம் தணியும். மூடின இடத்துல தண்ணி ஆவியாகுறதும் குறையும்.

தமிழ்நாட்டுலயே இதுக்கு உதாரணம் இருக்கு. தூத்துக்குடி ஸ்பிக் உரத் தொழிற்சாலையோட நீர்த்தேக்கத்துல 22 மெகாவாட் மிதக்கும் சோலார் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. செலவு சுமார் 150 கோடி ரூபாய். அதே வருஷம் தெலங்கானா ராமகுண்டத்துல என்டிபிசி அனல்மின் நிலையத்தோட நீர்த்தேக்கத்துல 100 மெகாவாட் முழுசா ஓட ஆரம்பிச்சது.

இந்த ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. ரெண்டுமே ஆலை ஓடுறதுக்காகத் தேக்கி வைக்கிற தண்ணி. அங்க எப்பவும் தண்ணி இருந்தாகணும். மின்சாரத்தைக் கொண்டுபோற லைனும் பக்கத்துலயே இருக்கு.

எங்க பக்கத்து ஏரிகள் அப்படி இல்ல. வடகிழக்குப் பருவமழை நல்லாப் பெஞ்சா நிரம்பும், இல்லேன்னா கோடையில தரை தெரியும். அப்போ மிதவை மேடு பள்ளமான சேத்துல உக்காரும், கயிறு தொய்யும், கேபிள் இழுபடும். அதையும் தாங்குற மாதிரி வடிவமைக்க முடியும். ஆனா நிலத்துல போடுறதைவிட ஏற்கெனவே கூடுதலா இருக்கிற செலவு இன்னும் ஏறும். காத்தும் ஒரு பிரச்சினை. 2019 செப்டம்பர்ல ஜப்பான்ல யமகுரா அணையில் இருந்த மிதக்கும் சோலார், புயல்ல பேனல்கள் ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு தீப்பிடிச்சது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் வேற ஒண்ணு. நிலத்துக்குப் பட்டா இருக்கு. வாங்கணும்னா ஒருத்தர்கிட்ட கேக்கணும், கையெழுத்து வேணும், விலை பேசணும். ஏரியில மீன் குத்தகை எடுக்குறவர், வத்துனதும் ஆடு மேய்க்கிறவர், வண்டல் அள்ளி வயலுக்குப் போடுறவர், ஏரி நிரம்புனா கிணறு ஊறும்னு காத்திருக்கிறவர், இவங்க யார் பேர்லயும் அங்க பட்டா கிடையாது. ஏரியைக் 'காலி இடம்'னு கணக்குப் போட்டா, நிலத்துக்காரருக்கு வர வேண்டிய இழப்பு கேள்வியே இல்லாம இவங்க தலையில விழும்.

அதுக்காக மிதக்கும் சோலார் வேண்டாம்னு நான் சொல்லல. ஆலைக் குளம், மின்சாரம் எடுக்குற பெரிய அணை, இங்கெல்லாம் முதல்ல போடலாம். எங்க ஊர் மாதிரி இடங்கள்ல பள்ளிக்கூடம், கல்லூரி, குடோன் கூரைகள்ல ஆரம்பிக்கலாம். ஏரியில போட்டே ஆகணும்னா மூணு கேள்வி: வருஷம் பூரா தண்ணி நிக்குமா? அதை யார் யார் நம்பி இருக்காங்க? அவங்களுக்கு என்ன பங்கு?

உங்க ஊர் ஏரியில இந்த மூணுக்கும் பதில் என்னன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.