புதிய பதிப்பும் பழைய நண்பர்களும்

நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் 1995ஆம் ஆண்டிலே பெற்றோருடன் கனடா சென்றவர். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஊருக்கு வந்திருந்தார். பயணப் பெட்டியிலிருந்து அவர் எடுத்துக் காட்டியவற்றுள் மஞ்சளேறிய தாளொன்றும் இருந்தது. வாள்வீரன் ஒருவனுடைய பெயரும், அவனுடைய வலிமை, அறிவு, உயிராற்றல் ஆகியவற்றின் எண்களும் அதிற் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அழித்து அழித்து எழுதியமையால் தாள் ஓரிடத்தில் ஓட்டையாகியிருந்தது.

"இவன் எட்டு வருடம் உயிரோடு இருந்தவன், மச்சான். 2008இலே செத்துப் போனான்" என்றார்.

"யார் கொன்றது?" என்று வினவினோம்.

"ஒருவரும் கொல்லவில்லை. புத்தகம் மாறினது" என்றார்.

நாம் நகைத்தோம்; அவர் நகைக்கவில்லை. அன்று மாலை அவர் கூறியவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதலானோம்.

வாசகர்களுட் பலர் இவ்விளையாட்டைக் கண்டிரார். அதன் பெயர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிரகன்ஸ்'. நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று ஒருவாறு பொருள் கொள்ளலாம். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்வர். அவருள் ஒருவர் கதையை நடத்துபவர். "மலைக்குகை வாயிலில் நிற்கிறீர்கள், உள்ளேயிருந்து புகை நாற்றம் வருகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரமாகவே நின்று விடை கூறுவர். வீசிய வாள் பட்டதா, தவறியதா என்பதை இருபது முகங்கொண்ட பகடை தீர்க்கும். எந்த எண் விழுந்தால் வெற்றி என்பதைத் தடித்த விதிநூல்கள் கூறும். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்று ஆட்டம் முடிவதில்லை. வாரந்தோறும் கூடி, வருடக்கணக்காக ஒரே கதையை வளர்த்துச் செல்வோரும் உளர்.

இதனை ஆக்கியோர் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர். 1974ஆம் ஆண்டில், விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக இது வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகளே. வெளியிட்டது கைகக்ஸ் தம் நண்பரோடு தொடங்கிய ரி.எஸ்.ஆர். என்னும் சிறு நிறுவனம். அம்மூன்று நூல்களும் தெளிவாக எழுதப்பட்டவை அல்ல. பல இடங்களில் வாசிப்பவரே விதியை நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு வழக்கம் தோன்றிற்று. பின்னாளிற் பெருகிய பூசலின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது என்பது நம் எண்ணம். எல்லாரும் ஒரே விளையாட்டை ஆடுவதாக நம்பினரேயன்றி, உண்மையில் மேசைக்கொரு விளையாட்டு ஆடப்பட்டு வந்தது.

1977 முதல் 1979 வரை கைகக்ஸ் விரிவான விதிகளை மூன்று பெருநூல்களாக எழுதினார். அவர் நிறுவனத்தை விட்டு விலகிய பின், 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதிற் கொலைகாரப் பாத்திர வகை நீக்கப்பட்டது. பேய்களும் பிசாசுகளும் அப்பெயர்களை இழந்தன. இவ்விளையாட்டுப் பிள்ளைகளைக் கெடுக்கின்றது என்று 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலரும் மதப்பற்றாளரும் எழுப்பிய கூக்குரலே அதற்குக் காரணம். கைகக்ஸின் கைபடாத நூலைப் பழையவர் பலர் வெறுத்தனர். ஆயினும் பழைய நூலையும் புதிய நூலையும் ஒரே மேசையில் வைத்துப் பெரிய இடரின்றி ஆட முடிந்தமையால் பகை முற்றவில்லை.

1997இல் ரி.எஸ்.ஆர். நிறுவனத்தை 'விசாட்ஸ் ஒவ் த கோஸ்ட்' என்னும் நிறுவனம் வாங்கியது. 2000ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. இதிற் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தை மட்டும் இங்கே கூறுவோம். முன்னைய பதிப்புகளிற் கவசத்தின் வலிமையைக் குறிக்கும் எண் குறையக் குறையக் கவசம் சிறந்ததாகும். புதியவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். மூன்றாம் பதிப்பு அதனை நேராக்கி, எண் கூடக் கூடக் கவசம் சிறக்கும் என்றது. அறிவுக்குப் பொருத்தமான மாற்றமே. ஆனால் இருபது வருடமாய் அந்தத் தலைகீழ்க் கணக்கை மனத்திலே போட்டுப் பழகியவனுக்கோ, அரும்பாடுபட்டுக் கற்ற வித்தையொன்று ஒரே நாளிற் செல்லாக் காசாயிற்று. தனக்கு எளிதாக இருந்த ஒன்றை, "இது கடினமாயிருந்தது, ஆகவே மாற்றினோம்" என்று பிறர் கூறும்போது எழும் சினத்தைப் பாடத்திட்டம் மாறிய ஆண்டுகளில் ஆசிரியர் அறைகளிலே நாமும் கண்டிருக்கிறோம், நம்மிடமும் கண்டிருக்கிறோம்.

நம் நண்பர் இம்மூன்றாம் பதிப்பு வந்த ஆண்டிலேதான் றொறன்ரோவில் விளையாடத் தொடங்கினார். அறுவர் கூட்டம். ஒரு நண்பருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் வெள்ளிதோறும் கூடுவர். நம்மவர் வாள்வீரன், அவ்வீட்டுக்காரர் மந்திரவாதி.

மூன்றாம் பதிப்பில் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் இடையே ஓர் ஏற்றத்தாழ்வு இருந்தது. தொடக்கத்தில் மந்திரவாதி மிக நொய்மையானவன். காலையிலே சில மந்திரங்களைப் படித்து ஆயத்தம் செய்வான். ஒன்றைச் சொன்னவுடன் அது நினைவிலிருந்து மறைந்துவிடும். வீரன் அவனுக்கு முன் நின்று காப்பான். ஆனால் பல வருட ஆட்டத்தின் பின், மந்திரவாதி வானிற் பறப்பான், நொடியில் நாடு விட்டு நாடு செல்வான். வீரனோ அதே வாளை இன்னும் சில தடவை கூடுதலாக வீசுவான், அவ்வளவே. "கடைசி இரண்டு வருடமும் நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன்" என்றார் நண்பர். மந்திரவாதியாக ஆடியவரோ, முதல் ஆண்டுகளிற் சாவுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்ததற்குக் கிடைத்த கூலி அது என்று கருதினார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

2008ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நான்காம் பதிப்பு வந்தது. அது இந்த ஏற்றத்தாழ்வை அடியோடு அறுத்தது. வீரனாயினும் மந்திரவாதியாயினும், எப்போதும் செய்யத்தக்க ஆற்றல்கள், ஒரு சண்டைக்கு ஒருமுறை செய்யத்தக்கவை, ஒரு நாளுக்கு ஒருமுறை செய்யத்தக்கவை என எல்லார்க்கும் ஒரே அமைப்பு வகுக்கப்பட்டது. அடிக்கணக்கில் அளந்த தூரம் கட்டங்களின் கணக்காயிற்று. சண்டைகள் விறுவிறுப்பாயின. நம் நண்பர் மகிழ்ந்தார். மந்திரவாதியின் தனித்தன்மையே போயிற்று, கணினி விளையாட்டை மேசையிலே பரப்பிவிட்டனர் என்று மற்றவர் குமுறினார். 'நோம்' என்னும் சிற்றுருவ இனத்தைத் தம் பாத்திரமாகக் கொண்டிருந்த மூன்றாமவருக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை: அவ்வினம் ஆட்டக்காரர் நூலில் இல்லை, அரக்கர் நூலில் இருந்தது! அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது நூலிலேயே அதற்கு மீட்சி கிடைத்தது. அன்றியும், பலரும் கதை நடத்தி வந்த 'போகொட்டன் றெல்ம்ஸ்' என்னும் கற்பனை உலகின் காலத்தை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்தள்ளி, பெரும் அழிவொன்றையும் நிகழ்த்திவிட்டனர். எட்டு வருடம் நடந்து திரிந்த நகரங்களும் பழகிய மாந்தரும் வரலாறாகிவிட்டன.

இவ்வளவுடன் பழைய ஆட்டமும் மறைந்திருந்தால், புலம்பிவிட்டு எல்லாரும் புதியதற்கு வந்திருப்பர். அவ்வாறு நிகழவில்லை. 2000ஆம் ஆண்டிலே, தம் விதிகளை அடிப்படையாகக் கொண்டு எவரும் நூல் வெளியிடலாம் என்று அந்நிறுவனமே திறந்த உரிமம் வழங்கியிருந்தது. அதனைக் கைக்கொண்டு, 2007 வரை இவ்விளையாட்டின் இரு சஞ்சிகைகளை நடத்திவந்த 'பைசோ' என்னும் நிறுவனம் மூன்றாம் பதிப்பின் விதிகளைத் திருத்தி, 'பாத்பைண்டர்' என்ற பெயரில் 2009இல் முழுநூலாக வெளியிட்டது. பழைய விளையாட்டுப் புதிய பெயரிலும், புதிய விளையாட்டுப் பழைய பெயரிலும் ஒரே கடையின் ஒரே தட்டில் இருந்தன. எது உண்மையான வாரிசு என்ற வழக்கு அப்போது மூண்டது. அதனை 'பதிப்புப் போர்' என்றே அவர்கள் அழைக்கின்றனர்.

ஒரு விளையாட்டு நூலுக்காகவா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். நூல்களுக்குக் கொடுத்த பணம் ஒரு காரணம். ஆனால் அது சிறியதே. பழைய நூலை எவரும் வந்து பறித்துச் செல்லவில்லை அன்றோ? நாவல் ஒன்றின் பழம்பதிப்பை விரும்புவோன் அதனைத் தனியே இருந்து படித்து மகிழலாம். இவ்விளையாட்டையோ தனியே ஆட இயலாது. ஐந்து பேர் வேண்டும். நால்வர் புதியதற்குச் சென்றால், ஐந்தாமவன் கையிலிருப்பது வெறுந் தாள். ஆகவே ஒவ்வொருவனும் தன் நூலுக்காக வாதிடுவதுபோல் தோன்றினும், உண்மையில் தன் வெள்ளிக்கிழமைக்காகவே வாதிடுகிறான். நம்மூரில் 304 சீட்டாடுவோரும் ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கங் கூறிச் சச்சரவு செய்வதுண்டு. ஆயினும் 304க்கு உரிமையாளர் இல்லை. இனி இவ்வாறுதான் ஆட்டம் என்று புத்தகம் அச்சிட்டு விற்பார் எவருமில்லை. சீட்டைக் கலைத்தால் சண்டையும் கலைந்துவிடும்.

றொறன்ரோ மேசை 2008 ஐப்பசியில் உடைந்தது. மூவர் பழைய விதியோடு அவ்வீட்டிலேயே இருந்தனர். நம் நண்பர் உட்பட மூவர் வெளியேறினர். ஒரு வெள்ளிக்கிழமை தவறினால் அடுத்ததற்குச் செல்வது கூச்சமாகும். அது மாதமாயிற்று, ஆண்டாயிற்று. அந்த மந்திரவாதி நண்பருடைய தந்தையார், சிறுவர்களாய் வந்த இவர்களுக்குச் சோறு போட்டவர், காலமான செய்தியை நம்மவர் மூன்று மாதங் கழித்து ஒரு கடையிலே தற்செயலாக அறிந்தார். இதைக் கூறும்போது தாளை மடித்து வைத்துவிட்டார்.

நிறுவனமும் பாடம் படித்தது எனலாம். 2012 முதல் இரண்டு ஆண்டுகள், உருவாகிவரும் விதிகளை இலவசமாக வழங்கி ஆட்டக்காரரின் கருத்தைக் கேட்டு, 2014இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டது. மந்திரவாதி மறுபடி மந்திரவாதியானான். அவ்வாண்டு நம் நண்பர் அந்நூலில் இரு பிரதிகள் வாங்கி, ஒன்றைப் பழைய வீட்டு முகவரிக்கு அனுப்பினார். நால்வர் மீண்டுங் கூடினர். மற்ற இருவர் வரவில்லை. பைசோவினர் 2019இல் தம் விளையாட்டுக்கு இரண்டாம் பதிப்பு வெளியிட்டபோது அவர்தம் அன்பர்களிடையேயும் அதே பூசல் எழுந்தது. 2023 தையில் திறந்த உரிமத்தையே மாற்ற 'விசாட்ஸ்' முயன்று, எதிர்ப்பு வலுத்தமையால் அதே மாதத்திற் பின்வாங்கியது. 2024இல் ஐந்தாம் பதிப்பின் திருத்திய நூல்கள் வரத் தொடங்கின. அவற்றைப் புதிய பதிப்பு என்று கூற வெளியீட்டாளர் தயங்குகின்றனர். அச்சொல் எவ்வளவு காயம் செய்யும் என்பதை அவர்கள் அறிவர் போலும்.

மறுநாள் மாலை நண்பர் நம் வீட்டு மேசையில் பகடைகளைப் பரப்பி, நம் மகனுக்கும் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் ஆட்டத்தைக் கற்பித்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். கைத்தொலைபேசியில் எதையோ பார்த்திருந்த மகன், "மாமா, நீங்கள் சொல்லுகிற இந்த விதி புதுப் புத்தகத்தில் மாறிவிட்டதாமே?" என்றான்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "முதலில் பகடையை உருட்டு, தம்பி" என்றார்.