உஷார்! ராவோடு ராவாக மலைக்கு வான் ஏறாதீர்கள்

பள்ளிக்கூட லீவு விட்டாயிற்று. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்கியாயிற்று. இனிக் குச்சவெளியில் வீட்டுக்கு வீடு ஒரே திட்டம்தான். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வானில் ஏறுவது, விடியும்போது நுவரெலியா, மறுநாள் சிங்கராஜக் காடு, ஞாயிறு இரவே திரும்பி, திங்கள் காலையில் நம்ம கடலில் குளிப்பது. "ஒரு ராத்திரி ஹோட்டல் காசு மிச்சம்" என்று கணக்கும் சொல்வார்கள். அந்த மிச்சம் பிடிக்கிற ராத்திரிக்குத்தான் பயப்பட வேண்டும்.

2025 மே 11, விடியுமுன். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். நாம் கம்பளை, றம்பொடை என்று நுவரெலியாவுக்கு ஏறுகிற அதே வீதி. அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு, சுற்றுலா போய்த் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் பாய்ந்து 15 பேர் போனார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வானிலும் ஓட்டோவிலும் மோதியதில் 7 உயிர். காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கலாம். ஆனால் ஒன்றுகூடப் பட்டப்பகலில் நடக்கவில்லை.

இங்கிருந்து நுவரெலியாவுக்கு 300 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். முதல் கண்டம் மலையில் இல்லை, கந்தளாய் தாண்டி ஹபரணை போகும் காட்டு வீதியில். பொழுது சாய்ந்தால் அது யானையின் வீதி. கறுப்புத் தாரில் கறுப்பு யானை நிற்பது ஹெட்லைட் வெளிச்சத்தில் எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று அந்தப் பாதையில் ஓடும் லொறிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்து அணைத்து விளையாடாதீர்கள். கனடாப் பிள்ளைக்குக் காட்டுகிறேன் என்று வாழைப்பழம் நீட்டுவது சட்டப்படி குற்றம். பழம் தின்று பழகிய யானை அடுத்த வானை வழிமறிக்கும். அதில் இருப்பவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

இனிச் சாரதியைப் பாருங்கள். வெள்ளி பகல் முழுக்க வேறு ஹயர் ஓடியிருப்பார். பின்சீட்டிலிருந்து மாமி கேட்பார், "தம்பி, நித்திரை வருதோ?" அவர் என்ன சொல்வார்? "இல்லை அன்ரி, பிளேன்ரீ ஒண்டு குடிச்சாச் சரி." வருகிறது என்றால் அடுத்த ஹயர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நுவரெலியாவில் நீங்கள் ஐந்து அறை எடுப்பீர்கள், அவர் கம்பளி இல்லாமல் வான் சீட்டில் சுருண்டு கிடப்பார். மறுநாள் உங்கள் 12 பேரின் உயிரும் அந்த மனுசனின் வலது காலில். சாரதிக்கும் ஓர் அறை, ஒரு கட்டில், சூடான சாப்பாடு. இது தர்மக் கணக்கில் சேராது, பயணச் செலவில் சேர்த்து எழுதுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவது மோசம். றம்பொடை இறக்கத்தில் பாரம் ஏற்றிய வான் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், கொஞ்ச நேரத்தில் கருகிய வாசம் உள்ளே அடிக்கும். பெண்கள் "ஆரோ ரயர் எரிக்கினம்" என்பார்கள். எரிவது உங்கள் பிரேக். எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே சின்னக் கியரில்தான் இறங்க வேண்டும். ஓட்டோ கியர் வண்டியிலும் அதற்கு வழி உண்டு. வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டும் வெளிநாட்டுத் தம்பிமார் அதைத் திருகோணமலையிலேயே தெரிந்துகொள்ளட்டும். வாசம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். படம் எடுக்க வளைவில் நிறுத்துவது வேறு, அது கூடவே கூடாது.

மழைதான் பலரும் ஏமாறும் இடம். இங்கே கச்சான் காற்று புழுதி கிளப்பி, கடல் தட்டையாகக் கிடக்கும் மாதங்களில்தான் மலையின் மேற்குப் பக்கத்திலும் சிங்கராஜவிலும் தென்மேல் பருவமழை கொட்டும். நம் முற்றத்து வெயிலைப் பார்த்து அங்கே நாள் குறிக்கக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலை சரிந்து எத்தனை ஊர் மண்ணுக்குள் போனது என்று எல்லோரும் பார்த்தோம். புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் அங்குள்ளவர்களே வெளியேற வேண்டும். சிவப்பு போட்ட இடத்துக்குச் சுற்றுலாவா?

சிங்கராஜவை இந்தப் பயணத்திலிருந்து வெட்டிவிடுங்கள் என்பது என் கட்சி. தீவின் மறுகோடியில் இருக்கிறது. உலக மரபுரிமைக் காடுதான், அதற்கென்று தனியாக நாள் வைத்துப் போங்கள். ஈரக்காடு பார்க்க ஆசையென்றால் மாத்தளையிலிருந்து நக்கிள்ஸ் பக்கம் ஏறலாம், பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு. அட்டை கடித்தால் இரத்தம் போகும், உயிர் போகாது. ஆனால் சருகுக்குள் கிடக்கும், மூக்கு நுனி மேடிட்ட சின்னக் குழிவிரியனுக்கு இந்த நாட்டில் விஷமுறிவு மருந்தே கிடையாது. செருப்போடு காட்டுக்குள் போகாதீர்கள். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

கடைசியில் நம்ம கடல். நிலாவெளியில் ஆள் நடமாட்டமாவது உண்டு, இறக்கக்கண்டி தாண்டினால் கரை வெறிச்சென்று கிடக்கும். இரவு முழுக்க வானில் குலுங்கி வந்த உடம்போடு, நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். வாடைக்காற்று மாதங்களில் இறங்கவே வேண்டாம், புறாத்தீவுப் படகும் வேண்டாம். அமைதியான நாளிலும் ஒன்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், மண் கலந்து கலங்கலாகத் தெரிந்தால், பிள்ளைகள் குளிக்க நல்ல இடம் என்று தோன்றும். தண்ணீர் வெளியே இழுக்கும் வாய் அதுதான். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். கரைவலை இழுக்கிறவர்கள் நின்றால் எங்கே இறங்கலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். "இண்டைக்கு வேண்டாம்" என்றால், துவாயை மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடவுங்கள்.