போன பார்வை வராது... இருப்பதைக் காப்பாற்றலாம்!

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். தபால் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். தெருவில் பக்கவாட்டில் வரும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று மாமியிடம் தினமும் திட்டு வாங்குவார். ஆனால் பேப்பரில் பொடி எழுத்தைக்கூட படித்துவிடுவார். அதனால் கண்ணில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. க்ளாக்கோமா! இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை நிறையவே போயிருந்தது. சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலு மாதம் போட்டுப் பார்த்தார். 'ஒரு வித்தியாசமும் தெரியலையே' என்று நிறுத்திவிட்டார். அடுத்த முறை போனபோது அழுத்தம் ஏறியிருந்தது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

"போன பார்வை திரும்ப வராதுன்னு டாக்டரே சொல்றார். அப்புறம் எதுக்கு சார் ஆபரேஷன்?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால்தான் பல வீடுகளில் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

அடைத்துக்கொண்ட சிங்க்

நம் கண்ணுக்குள் ஒருவித நீர் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற பகுதி வழியே அது வடிந்துவிடும். சமையலறை சிங்க்கில் குழாய் திறந்திருக்க, வடிகால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும். கண்ணிலும் அதே கதைதான். நீர் தேங்கி, அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நசிகிறது.

சாதாரணமாக கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும். ஆனால் சிலருக்கு அழுத்தம் இந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடும். அதனால் அழுத்தம் பார்த்தால் மட்டும் போதாது. நரம்பையும் ஓரப் பார்வையையும் சோதிக்க வேண்டும்.

கண்புரை என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை பளிச்சென்று வரும். இதில் அப்படி இல்லை. செத்த நரம்பு பிழைக்காது. மிச்சமிருப்பதைக் காப்பதற்குத்தான் மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே.

முதலில் சொட்டு மருந்து

சில மருந்துகள் நீர் ஊறுவதைக் குறைக்கும். சில, வடிவதை அதிகமாக்கும். லேட்டனோப்ராஸ்ட் வகையை ராத்திரி ஒரு வேளை போட்டால் போதும். டிமொலால் வகை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இதயத் துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. அந்தத் தொந்தரவுகள் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிஷம் இடைவெளி வேண்டும். வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள். பார்வை இன்னும் மோசமாகாமல் இருப்பதுதான் இந்த மருந்தின் பலன்!

லேசர்

சல்லடைப் பகுதியில் லேசர் கொடுத்து வடிகாலைச் சீராக்கும் முறைக்கு எஸ்.எல்.டி. என்று பெயர். சில நிமிஷ வேலை. இங்கிலாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், முதலிலேயே இந்த லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்கு மூன்று வருஷம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. பலன் குறைந்தால் மறுபடியும் செய்யலாம்.

வடிகால் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்கு வேறு லேசர். ஐரிஸ் திரையில் ஊசி முனை அளவு துளை போட்டு, நீர் போக வழி செய்வார்கள்.

ஆபரேஷன் எப்போது?

மருந்துக்கும் லேசருக்கும் அழுத்தம் அடங்காவிட்டால் ஆபரேஷன். அதிகம் செய்யப்படுவது ட்ரபெக்குலெக்டமி. மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் ஒரு புது வடிகால் அமைப்பார்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்க வைத்தே செய்வதுதான். புண் ஆறும்போது வடிகால் மூடிக்கொள்ளாமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்தும் தடவுவதுண்டு.

அதுவும் பலிக்காதபோது மெல்லிய குழாய் பொருத்துவார்கள். வெளிநாட்டுக் குழாய்கள் விலை அதிகம். மதுரை ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் இதைத் தயாரிக்கிறது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குப் புரை ஆபரேஷனோடு சேர்த்தே சின்ன ஸ்டென்ட் வைக்கும் முறையும் வந்திருக்கிறது.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அழுத்தம் மிகவும் குறைந்துவிடலாம், கிருமி தொற்றலாம், வடிகால் மூடிக்கொள்ளலாம். அதனால்தான் முதல் சில வாரங்கள் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். வருஷங்கள் கழித்துக்கூட அந்தக் கண் சிவந்து, வலித்து, பீளை கட்டினால் அன்றைக்கே ஓடுங்கள்.

யார் உஷாராக இருக்க வேண்டும்?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடுபவர்கள். எல்லோரையும்விட, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நோய் இருந்தால் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் நடந்த அரவிந்த் கண் ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவரை விஷயமே தெரியாது!

திடீரென்று கடும் கண் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் இருந்தால், பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். ராத்திரியானாலும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரியவருக்கு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இருக்கறதாவது நிக்கட்டும்" என்று எழுந்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது கண்ணில் பார்வை அதே அளவில் நிற்கிறது. சோதனைக்குப் போன இரண்டு பிள்ளைகளில் சின்னவனுக்கு ஆரம்ப நிலை க்ளாக்கோமா. வயது 42. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மாமியின் திட்டு மட்டும் ஓயவில்லை. இப்போதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குக் குரல் கேட்கிறது: "வலது கண்ணுக்கு மருந்து போட்டாச்சா?"