பெயர்ப்பலகையின் எழுத்துகள்: மருத்துவரின் தகுதியை அறியும் உரிமை

மருத்துவரின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள், அவர் எதை, எத்தனை ஆண்டு, எந்த அமைப்பின் கண்காணிப்பில் பயின்றார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் பொதுப் பதிவாகும். அவற்றைச் சரிபார்ப்பது மருத்துவரை அவமதிக்கும் செயல் அன்று. சட்டம் நோயாளிக்குத் திறந்து வைத்திருக்கும் வாயிலைப் பயன்படுத்துவதே ஆகும். போலி மருத்துவர் கைதான செய்தி நாளிதழில் வரும்போது பலரும் திடுக்கிடுகின்றனர். ஆனால் அதைவிடக் கண்ணுக்குப் புலப்படாத ஆபத்து ஒன்று உண்டு: முறையாகப் பட்டம் பெற்றுப் பதிவும் செய்துகொண்ட மருத்துவர், தாம் பயிலாத துறையின் நிபுணராகத் தம்மை அறிவித்துக்கொள்வதே அது.

இந்தியாவில் நவீன மருத்துவத்தின் அடிப்படைப் பட்டம் எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பும், ஹவுஸ் சர்ஜன் எனப்படும் ஓராண்டுக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்தது அது. அதற்குமேல் 3 ஆண்டுகள் பயின்று பெறப்படுவன பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்ற துறைகளுக்கான எம்.டி. பட்டமும், அறுவைச் சிகிச்சைத் துறைகளுக்கான எம்.எஸ். பட்டமும்; தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. இவற்றுக்கு இணையாகக் கருதப்படுகிறது. இதயவியல், சிறுநீரகவியல் போன்ற உயர் சிறப்புத் துறைகளில் மேலும் 3 ஆண்டுகள் பயின்றவர் டி.எம். அல்லது எம்.சிஎச். பட்டம் பெறுகிறார். ஆக, பள்ளிப் படிப்புக்குப் பிறகு இடைவெளியின்றிப் பயின்றாலும் ஓர் இதயவியல் நிபுணர் உருவாகப் பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன; குறுக்கு வழியில் அந்தப் பெயரைச் சூடிக்கொள்வோர் பறிப்பது இந்த உழைப்பின் மதிப்பையே.

குழப்பம் பெரும்பாலும் எம்.டி. என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகிறது. ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் அது முதல்நிலை மருத்துவப் பட்டம்; அங்கே படித்தவர் இந்தியாவில் தகுதிகாண் தேர்வில் தேறிப் பதிவு பெற்றாலும், அவருடைய எம்.டி. இங்குள்ள எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகரானதே தவிர முதுநிலைப் பட்டம் ஆகாது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் ஹோமியோபதியிலும் எம்.டி. உண்டு, அவை அந்தந்த முறைக்குரிய முறையான முதுநிலைப் பட்டங்கள், அவற்றைப் பெற்றவர்கள் அந்தந்த முறைக்குரிய தனிப் பதிவேடுகளில் இடம்பெறுகின்றனர். இவை எதிலும் சேராதது 'மாற்று மருத்துவம்' என்ற பெயரில் சில தனியார் நிறுவனங்கள் அஞ்சல் வழியில்கூட வழங்கும் எம்.டி.; பலகையில் அந்த இரண்டு எழுத்துகள் பெரிதாகவும், அடைப்புக்குறிக்குள் வரும் துறைப்பெயர் எட்டிப் பார்த்தாலும் தெரியாத அளவுக்குச் சிறிதாகவும் எழுதப்பட்டிருக்குமானால், அந்தச் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

'சர்க்கரை நோய் சிறப்பு நிபுணர்' என்ற பலகை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூடக் காணப்படுகிறது. எம்.டி.க்குப் பிறகு நாளமில்லாச் சுரப்பியியலில் 3 ஆண்டுகள் பயின்று டி.எம். பெற்றவரும், எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு சில மாதச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தவரும் தம் வாசலில் அதே சொற்களை எழுதிவைத்திருக்கலாம். சாதாரணச் சர்க்கரை நோயைக் கவனிக்க எம்.பி.பி.எஸ். மருத்துவர் போதும், அதற்குச் சட்டத்தில் தடையும் இல்லை, தெருமுனையில் முப்பது ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்துவரும் குடும்ப மருத்துவரின் அனுபவம் எந்தப் பட்டத்திலும் அடங்காதது. குறை அவர் சிகிச்சை அளிப்பதில் இல்லை. இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டி, நோயாளி யாரிடம் போவது என்று தீர்மானிக்கும் உரிமையைப் பறிப்பதில்தான் உள்ளது.

மருத்துவர் அல்லாத நலத்துறை வல்லுநர்களிடமும் இந்த வேறுபாடு முக்கியமானது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் முதுநிலைப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித்தர அவருக்கு அதிகாரம் உண்டு. மருத்துவ உளவியலாளர் வேறு; அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கவுன்சலிங் நிபுணர் என்று பலகை வைக்கும் பலர் இவ்விரு வகையிலும் சேராதவர்கள். பிசியோதெரபி, உணவியல், கண் பார்வை அளவியல் உள்ளிட்ட துறைகளை ஒழுங்குபடுத்த 2021-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

நோயாளியின் உரிமைக்கு அடிப்படையாக இருப்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை ஒழுங்குமுறை விதிகள். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டதால் பழைய விதிகளே நடைமுறைக்குத் திரும்பின. மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவகத்தில் காட்சிப்படுத்துவதோடு, மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்றும், ஒரு துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தம்மை அத்துறையின் நிபுணர் என்று கூறிக்கொள்ளக்கூடாது என்றும் அவை விதிக்கின்றன. சிகிச்சை அளிப்பவர்கள் யார், அவர்களின் தொழில் தகுதி என்ன, முதன்மைப் பொறுப்பு எந்த மருத்துவருடையது என்பவற்றை அறியும் உரிமையை, தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. பெரிய மருத்துவமனையின் வரவேற்பறையில் இருபது நிபுணர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், கத்தியைப் பிடிக்கப்போகிறவர் அவர்களில் எவர், மயக்க மருந்து கொடுப்பவர் எவர் என்று கேட்பதற்கு இந்தச் சாசனம் துணை நிற்கிறது.

தகுதியை மீறினால் என்ன நேரும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த மும்பை வழக்கு சான்றாகும். ஹோமியோபதியில் மட்டும் தகுதி பெற்ற ஒருவர், காய்ச்சலுடன் வந்தவருக்கு முதலில் வைரஸ் காய்ச்சல் என்றும் பிறகு டைஃபாய்டு என்றும் கருதி அலோபதி மருந்துகளைக் கொடுத்துவர, நோயாளி இறந்துபோனார். தாம் பயிலாத மருத்துவ முறையில் சிகிச்சை அளித்ததே கவனக்குறைவு என்றும், அதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை என்றும் கூறிய நீதிமன்றம், குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அழகுச் சிகிச்சைத் துறையில் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் அங்கே வருபவர் தம்மை நோயாளியாகவே கருதுவதில்லை. 2016-இல் சென்னையில் தலைமுடி மாற்றுச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தவர் ஒரு மருத்துவ மாணவர் என்பது, இந்த ஆபத்து படித்தவர்களையும் விடுவதில்லை என்பதைக் காட்டுகிறது. அத்தகைய சிகிச்சையைச் செய்வோர் முறையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும், பயிலரங்குகளையோ யூடியூப் காணொளிகளையோ பார்ப்பது பயிற்சி ஆகாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவுறுத்தியது.

சரிபார்க்கும் வழி எளிது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ பெயரையும் பதிவு எண்ணையும் இட்டால், பட்டமும் பல்கலைக்கழகமும் தேறிய ஆண்டும் தெரியவரும். முதுநிலைப் பட்டம் அங்கே காணப்படாவிட்டால் உடனே மோசடி என்று முடிவுகட்டக்கூடாது. கூடுதல் தகுதியைப் பதிவு செய்யத் தாமதித்தவர்களும் இருக்கலாம் என்பதால், மருத்துவரிடமே பணிவாகக் கேட்பது முறை. மருந்துச் சீட்டில் பதிவு எண்ணே இல்லை, கேட்டாலும் சொல்ல மறுக்கிறார் என்றால் அங்கிருந்து வந்துவிடுவதே நல்லது.

தீர்வு எங்கே கிடைக்கும் என்பது, குறை எத்தகையது என்பதைப் பொறுத்தது. பதிவே இல்லாதவர் மீது மருத்துவக் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்பதால், காவல் துறையிடமோ மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமோ புகார் அளிக்க வேண்டும். பதிவின்றி மருத்துவம் பார்ப்பதற்கு 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரையிலும் மற்றவர்களுக்கு 5 ஆண்டுகள் வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் பொய்த் தகுதி காட்டினால் புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குச் செல்ல வேண்டும். அது எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நீக்கலாம், ஆனால் இழப்பீடு தராது.

இழப்பீட்டுக்குரிய இடம் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் மட்டும் அதற்கு விலக்கு. வழக்குக்குக் காரணமான நிகழ்விலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அதற்கு உயிராக இருப்பவை ஆவணங்கள். உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவேடுகளை 3 ஆண்டுகள் காக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் 2002-ஆம் ஆண்டு விதிகள் கடமைப்படுத்துவதால், வாய்மொழியாகக் கேட்டு அலையாமல் எழுத்து வடிவில் விண்ணப்பித்து அதன் நகலில் ஒப்புகைக் கையெழுத்துப் பெறுவது பிற்பாடு பெரிதும் கைகொடுக்கும்.

கவுன்சில் வழியில் ஒரு பெருங்குறை இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. மாநிலக் கவுன்சிலின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 2002-ஆம் ஆண்டு விதிகள் இரு தரப்புக்கும் இடமளித்தன. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவோ பாதிக்கப்பட்ட மருத்துவரை மட்டுமே குறிப்பிட்டு நோயாளியை விட்டுவிட்டது. தண்டிக்கப்பட்ட மருத்துவருக்குத் திறந்திருக்கும் கதவு, உறவினரை இழந்து புகார் கொடுத்தவருக்கு மூடியிருப்பது அநீதி. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும். அதுவரை, கவுன்சிலில் புகார் தள்ளுபடியான நோயாளி, அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். கவுன்சிலின் முடிவுக்காகக் காத்திராமல் 2 ஆண்டுக் கெடுவுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனு செய்வதற்கும் தடை ஏதும் இல்லை.